ஒரு குளத்தையாவது கொடுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் நிலம், நீர், கட்டட அனுமதி என்று ஏதாவது ஒன்றைக் கவனிக்கும் அலுவலகத் தலைவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர்கள் 'நமக்கில்லை' என்று இருந்துவிடுவீர்கள். கல்லூரியிலிருந்து இன்டர்ன்ஷிப் கடிதம் வருவதும், நீங்கள் அதன் மூலையில் இரண்டு வரி எழுதிக் கீழே அனுப்புவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கப்புறம் முப்பது நாள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு நேர்முகத் தேர்வு. என் இன்டர்ன்ஷிப் சான்றிதழைப் பார்த்த, தேர்வு நடத்திய அம்மா, "நில அளவை, ஜிஐஎஸ், கள ஆய்வு எல்லாம் போட்டிருக்கிறதே, புல வரைபடத்தை ஜியோரெஃபரன்ஸ் செய்ய களத்தில் எந்தப் புள்ளிகளை எடுத்தீர்கள்?" என்று கேட்டார். (ஜிஐஎஸ் என்றால் கணினியில் வரைபடம் கையாள்வது; ஜியோரெஃபரன்ஸ் என்றால் வரைபடத்தை நிலத்தில் உள்ள உண்மையான இடங்களோடு பொருத்துவது.) நான் எங்கே களத்துக்குப் போனேன்? அந்த முப்பது நாளில் ஒரு சர்வே கல்லைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் ஜெராக்ஸ் மெஷின். பேப்பருக்குத் துளை போட்டு டேக் கட்டுவது, ஸ்டாம்ப் பேடு காய்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவது, இதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. அதைச் சான்றிதழில் போட்டிருந்தால் தைரியமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

வரைபடங்கள் எல்லாம் பச்சை பீரோவில் இருந்தன. பன்னிரண்டாம் நாள் சுவருக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினார்கள். கட்டுகளை எடுத்துத் தூசி தட்டும் வேலை எனக்கு வந்தது. ஒரு பதிவேட்டில் மலையாள எழுத்து, திருவிதாங்கூர் காலத்தது. மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் பதிவேடு இன்னும் சேரவில்லை போலிருக்கிறது. பாட்டி சொல்லிக்கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரியும். 'குளம்' என்று இருந்தது. பக்கத்தில் எந்தக் குளம் என்று வாசிப்பதற்குள், "படிக்கண்டாம் மக்களே, அடுக்கி வச்சா போதும்" என்றார் அங்கிருந்த சார். நல்ல மனிதர், தினமும் எனக்கும் சேர்த்துத்தான் டீ சொல்லுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு மாணவருக்கு ஒரு குளம் கொடுங்கள். பதிவேட்டில் அதன் பரப்பு என்ன என்று காட்டுங்கள். கரை, மதகு, மறுகால் (குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) எங்கே என்று நாங்கள் நடந்துபோய் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு வருகிறோம். பழைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், பதிவேட்டில் குளமாக இருப்பது நேரில் தென்னந்தோப்பாக இருந்தால் தெரிந்துவிடும். (தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், லேப்டாப் எங்களுடையது. உங்களுக்குச் செலவு, எங்களோடு ஒரு சர்வேயரை இரண்டு காலை நேரம் அனுப்புவது மட்டும்தான்.

வேலை இல்லாமலா இருக்கிறது? சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானது; வயலாக இருந்த இடமெல்லாம் மனையாகிறது. 2021 நவம்பர் மழையில் எது வயல், எது ரோடு என்று தெரியாமல் கிடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். மறுகால் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தெரியாமல் நகரத்துக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எப்படிப் போடுவது? ஆனால் மேடைக்கு மேடை, பட்டதாரிகளுக்குத் திறமை போதவில்லை என்கிறார்கள். வாஸ்தவம்தான். பீரோவைப் பூட்டிவைத்தால் திறமை சாவித் துவாரம் வழியாகவா வரும்?

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நான் பிழைத்தேன். என்னோடு வந்த பையன் குலசேகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, முப்பது நாளும் கைக்காசு போட்டு வந்து என்னோடு சேர்ந்து துளை போட்டான். அவனுக்கு பஸ் காசாவது கொடுத்திருக்கலாம். சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து ஒரு மாணவருக்கு ஒரு குளம். செய்யாத வேலையைச் சான்றிதழில் எழுத வேண்டாம். செய்ய வைத்துவிட்டு எழுதுங்கள். மே மாதம் எங்கள் ஜூனியர்கள் வருவார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு மலையாளம் என்னைவிட நன்றாகவே வாசிக்க வரும். பீரோ சாவியை முதல் நாளே எடுத்துவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புவியியல் முதுகலை மாணவி,
கல்குளம் வட்டம்