அந்தப் பங்குனியில் அப்பா ஏன் வரவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், அப்பாவின் திவசத்துக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன். தேதியைச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "ஊரில் எல்லோருக்கும் ஓடினார், என் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரு நாளும் வரவில்லை" என்றாய். எட்டாம் வகுப்பில் நீ பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய ஆண்டு விழாவைத்தான் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியும். பாளையங்கோட்டை விடுதியிலிருந்து நீ போட்ட இன்லண்டு கடிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. இத்தனை வருடமாக இதை உள்ளேயே வைத்திருந்தாயே ஐயா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட விஷயம் இது. அவர் இல்லாத வீட்டில் அந்த வார்த்தையைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறேன்?

அந்த வருடம் பங்குனி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மேலத்தெரு மாமா விடியற்காலையில் பனையிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள், அத்தையும் கூடவே போய்விட்டாள். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அவருடைய இருபத்திரண்டு மரங்களின் கதை.

பதநீர் சொட்ட, பனம்பூக் குலையான பாளையைக் காலையும் மாலையும் சீவ வேண்டும். நாலைந்து நாள் விட்டால் சீவிய வாய் காய்ந்து சொட்டு நின்றுவிடும், அந்தப் பருவத்துக்கு அந்தப் பாளை போனதுதான். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று இந்த நாலு மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் பனையேறி வீட்டில் வருடம் முழுக்க உலை கொதிக்கும். மரங்களும் குத்தகை மரங்கள், பாளை காய்ந்தாலும் மரத்துக்காரருக்குப் பணம் கட்டியாக வேண்டும். அப்பா அன்று மாலையே மாமாவின் மரங்களுக்குக் கீழே போய் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னுடைய முப்பதோடு அந்த இருபத்திரண்டையும் ஏறத் தொடங்கிவிட்டார்.

ஐம்பத்திரண்டு மரம், நாளுக்கு இரண்டு தடவை. நீயே கணக்குப் போட்டுப் பார். இரவு இரண்டு மணிக்கு அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்புவார். நிலா இருந்தால் நிலா வெளிச்சம், இல்லாவிட்டால் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட டார்ச். செம்மண் தேரி மணல் மதியத்தில் கொதிக்கும்போது வந்து, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியின் வாசலிலேயே சாய்ந்துவிடுவார். மார்பில் ஏற்கெனவே காய்த்திருந்த இடம் பிளந்து ரத்தம் கசியும். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால், தூக்கத்திலேயே முகம் சுளிப்பார்.

பதநீரைக் காய்ச்ச வேண்டியவள் நான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டருக்கு மேல் பதநீர் வேண்டும். இரண்டு வீட்டுப் பதநீரையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் காய்ச்சிவிட்டுப் பிறகு பங்கு பிரித்தால் என்ன என்று கேட்டேன். கூடாது என்றார். அவனுடைய மரத்தின் ருசி வேறு, எடை வேறு, தனியாகத்தான் காய்ச்ச வேண்டும் என்றார். அடுப்பும் இரண்டு, விறகும் இரட்டிப்பு. ஒன்றில் பொங்கி வரும்போது ஆமணக்குமுத்தை நசுக்கிப் போட்டுவிட்டுத் திரும்பினால், மற்றது பதம் தப்பி அடிப்பிடித்திருக்கும்.

ஒன்பதாம் நாள் நான் சண்டை போட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். அகப்பையை எறிந்துவிட்டு, "அடுப்பெரிக்கக் காவோலைக்கும் மட்டைக்கும் நான் கொடுத்த காசையாவது அந்தக் கருப்பட்டியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கத்தினேன். அவர் குரல் உயர்த்தவில்லை. "மரம் அவனுடையது, ஏறுவது மட்டும்தானே நான்" என்றார். அகப்பையை எடுத்துக் கழுவி என் கையில் கொடுத்தார். அதற்குமேல் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

உன் ஆண்டு விழா அந்த வாரத்தில்தான் வந்தது. முதல் நாள் இரவு வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டு வைத்திருந்தார். போவதற்குத்தான் இருந்தார். காலைச் சுற்று முடியவே பத்து மணி தாண்டிவிட்டது. பாளையங்கோட்டைக்குப் போய்விட்டு மாலைச் சீவலுக்குத் திரும்ப முடியாது. தன் மரம் மட்டுமாக இருந்திருந்தால் ஒரு நாள் போகட்டும் என்று விட்டிருப்பார். வேட்டியை மடித்து வைத்துவிட்டு, "பிள்ளை மேடையில் என்ன பேசியிருப்பான்?" என்று அன்று இரவு என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

நாற்பத்திரண்டு நாள் ஏறினார். அத்தையின் தம்பி நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து மரங்களை ஏற்றுக்கொண்ட மறுநாள்தான் ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். உடன்குடியில் கருப்பட்டி விற்ற பணத்தைச் சீட்டோடு அத்தை கையில் கொடுத்தார். நீ விடுமுறைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அவனிடம் சொல்லாதே. நம் வீட்டுக்கு அவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு பிள்ளை அந்தத் தெருவில் நடக்கக் கூடாது" என்றார்.

அவர் அப்படித்தான். தாகம் என்று மரத்தடிக்கு வருபவனிடம் பதநீருக்குக் காசு வாங்கக் கூடாது என்பது பனையேறிகள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் நடந்து போகிறவர்கள் நம் விடிலிப் பக்கம் வந்தால், குருத்தோலையில் பட்டை மடித்து ஊற்றிக்கொண்டே இருப்பார். அண்டாவுக்கு மிச்சம் வைக்க வேண்டுமே என்று நான்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒன்று செய். திவசத்துக்குக் காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. அப்பா போனதிலிருந்து மேலத்தெரு மாமா தினமும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நம் திண்ணையில் உட்காருகிறார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் குடிப்பார், அதிகம் பேச மாட்டார். உனக்கு விஷயம் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார், போதும். வெயில் ஏறினால் எழுந்து போய்விடுவார், அதற்குள் வந்துவிடு.

உன் அம்மா