தேரிக்காட்டிலும் ஒரு செவ்வாய் வீடு கட்டுங்கள்

இஸ்ரோவின் மனித விண்வெளிப் பயண மையத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளை. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பாலைவனம் ஒன்றில், செவ்வாய்க் கோளில் இருப்பதுபோல் அமைத்த மாதிரி வாழ்விடத்தில் இரண்டு வாரம் இருந்தேன். மொத்தம் ஆறு பேர். பழுது பார்ப்பது என் பொறுப்பு. அதை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அப்படியொரு வீட்டை எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டிலும் கட்டுங்கள்.

அங்கே வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் விண்வெளி உடை மாட்டி, காற்றடைப்பு அறையில் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே இருப்பது நாம் மூச்சுவிடும் காற்றுதான். ஆனாலும் ஒருவரும் விதியை மீறவில்லை. இரண்டு நாளில் மனசு அந்த இடத்தைச் செவ்வாய் என்றே நம்பிவிடுகிறது.

நான்காம் நாள் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. தொட்டி நிறையத் தண்ணீர், குழாயில் சொட்டுக்கூட இல்லை. செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒரு சேதி வந்துசேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். எங்களுக்கு 20 நிமிடம் என்று வைத்திருந்தார்கள். கேள்வி அனுப்பி 40 நிமிடம் கழித்து வந்த பதிலில் இன்னொரு கேள்விதான் இருந்தது. அதற்குள் எங்களில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பிரஷர் சுவிட்சைக் கழற்றினேன். உடையோடும் பூட்ஸோடும் உள்ளே வந்த பொடிமண், சுவிட்சுக்குள் மின்சாரம் தொட்டுப் பாயும் பாயிண்டில் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் மோட்டார் ஓடியது. எங்கள் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டருக்கு அப்பா செய்து, நான் பக்கத்தில் நின்று பார்த்த வேலை அது.

2024 நவம்பரில் லடாக்கின் லே நகரில் நீங்கள் நடத்திய விண்வெளி மாதிரிப் பயணத்தையும், 2025 ஆகஸ்டில் அதே லடாக்கின் சோ கார் பள்ளத்தாக்கில் இரண்டு பேர் மாதிரி வாழ்விடத்தில் பத்து நாள் தங்கியதையும் படித்து மகிழ்ந்தேன். குளிருக்கும் மெல்லிய காற்றுக்கும் லடாக்தான் சரி. ஆனால் நாசா 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நான்கு பேரை 378 நாள் வைத்திருந்தது ஹூஸ்டனில், ஒரு கட்டடத்துக்குள் அமைத்த செவ்வாய் மாதிரி வீட்டில். அங்கே மலையும் இல்லை, பனியும் இல்லை. சாப்பாடு, வேலை, சலிப்பு, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது, இவற்றைத்தான் பார்த்தார்கள். அதற்கு எங்கள் குட்டம் தேரி போதும்.

செவ்வாயைச் சிவப்பாக்கிய இரும்பு ஆக்சைடுதான் தேரி மணலையும் சிவப்பாக்கியிருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் மணல் மேடே இடம் மாறும். சாத்திய வீட்டுக்குள்ளும் தூசி வந்துவிடும். நீங்கள் ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரி ஒரு பக்கம், ஏவுதளம் வரும் குலசேகரன்பட்டினம் மறுபக்கம். வெயிலும் புழுக்கமும் அதிகம், மறைக்கவில்லை. வெளிவேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம். பனையை வெட்டாமல், கழற்றி எடுத்துப்போகக்கூடிய கூடாரமாகப் போட்டால் போதும்.

அப்புறம், குழுவில் முனைவர் பட்டம் பெற்றவர்களோடு ஐடிஐ ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ ஒருவராவது இருக்க வேண்டும். திருநெல்வேலி பேட்டை ஐடிஐயில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரம் அந்த இடம் கொடுத்துப் பாருங்கள்.

இடம் பார்க்க வருவதாக இருந்தால் ஆடி மாதம் வாருங்கள். காற்று அடிக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கூட வந்து வழிகாட்ட நான் தயார்.

இப்படிக்கு,
திசையன்விளைக்காரன்