பங்குனி ஆமைக்கு இருட்டு வேண்டும், எங்களுக்குப் பேருந்து வேண்டும்

பெறுநர்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை.
நகல்: மேலாண்மை இயக்குநர், மாநகர் போக்குவரத்துக் கழகம்.

பொருள்: ஆமை முட்டையிடும் மாதங்களில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் இரவில் தனியார் வாகனங்களுக்குத் தடை விதித்துவிட்டுச் சிற்றுந்து இயக்கக் கோருவது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஜனவரி பிறந்துவிட்டால் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட நம் கரைக்கு வந்துவிடும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் சென்னையே பார்த்தது. அது மீன்பிடி இழுவலையில் ஆமைகள் சிக்கிச் சாகிற விவகாரம், மீன்வளத்துறை பார்க்க வேண்டியது. நாங்கள் கேட்பது உங்கள் கையில் இருக்கிற விஷயம்: வெளிச்சம்.

ராத்திரியில் கரையேறும் தாய் ஆமை, வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகள் பாடு இன்னும் மோசம். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று அவை ஓடும், நம் கடற்கரையிலோ சாலைதான் வெளிச்சமாக இருக்கிறது. தன்னார்வலர்கள் விடிய விடிய மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள், சரி, அவர்கள் கண்ணில் படாத குழிகளும் இருக்குமே.

உயரக் கம்பத்து ஹைமாஸ்ட் விளக்கை மட்டும் அணைத்தால் போதாதா என்றால், போதாது. சனி, ஞாயிறு இரவுகளில் கடலைப் பார்த்தபடி வரிசையாக வண்டிகள் நிற்கும், ஒவ்வொன்றும் கிளம்பும்போது ஹெட்லைட் நேரே மணலில் விழும். வண்டியில் வருகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வீடு திரும்பப் பேருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர் வண்டியைத்தானே எடுப்பார்?

அதனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வார இறுதிகளில் இரவு 8 மணிக்கு மேல் இந்தச் சாலையில் தனியார் வாகனங்களுக்குத் தடை விதித்துவிட்டு, திருவான்மியூர் ரயில் நிலையத்திலிருந்து பெசன்ட் நகர் பேருந்து நிலையம் வழியாகச் சிற்றுந்து விடுங்கள், 29சி பேருந்து மாதிரி நீண்ட தடங்களின் கடைசி வண்டியையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இரவு 11 மணிக்கு மேல் கடலைப் பார்த்த விளக்குகளை அணையுங்கள், பாதுகாப்புக்கு வேண்டிய இடத்தில் மட்டும் சாலைப் பக்கம் திருப்பிய மூடி போட்ட விளக்கு இருக்கட்டும். இதே சாலையை ஞாயிறு காலைகளில் வாகனமில்லாமல் விட்டுப் பார்த்தது உங்கள் மாநகராட்சிதான், எனவே முடியாத காரியம் இல்லை.

அப்புறம் ஒன்று. ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பத்து மீனவர்களின் வண்டிகளுக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு வேண்டும். அவர்களிடமும் தள்ளுவண்டிக் கடைக்காரர்களிடமும் முதலில் பேசிவிட்டு, டிசம்பரிலேயே ஒரு சனிக்கிழமை சோதனையாக நடத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெசன்ட் நகர், திருவான்மியூர் குடியிருப்பாளர்கள்