தாமானைக் கட்டி வைக்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ படம் அனுப்பி 22 நாள் ஆகிறது. அதற்கு அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. வேலை இருக்கும். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்தால் பகலில் தூங்குவாய், தெரியும். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி வலை வாங்க நாகப்பட்டினம் போயிருக்கிறான்.

படத்தை டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினேன். சின்னப் படகு, ஒற்றைப் பாய், சுக்கான் உன் கையில். தொண்டியில் பிறந்த பிள்ளை சவுத்தாம்ப்டனில் பாய் ஓட்டுகிறது என்றேன். படகு கட்டுகிற ஓடாவி போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மேலே பாய் கட்டுற பருமல் கம்பு இல்லையே, பாய் எப்படி நிக்குது?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? தெரிந்த மாதிரி ஏதோ சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. உன் லைஃப் ஜாக்கெட்டின் பட்டை பூட்டாமல் தொங்குகிறது. பூட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போகும். அது உடம்பில் இருந்தும் இல்லாத மாதிரிதான். படம் எடுக்கத்தானே என்று சொல்லாதே. கரையிலேயே பூட்டிக்கொள், கரைக்கு வந்துதான் கழற்ற வேண்டும்.

உங்கள் கடலைப் பற்றித் தம்பியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். நம் கடலில் ஏற்றவற்றம் இடுப்பளவுகூடக் கிடையாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டர் வரை ஏறி இறங்குமாமே. அவ்வளவு தண்ணீர் போய்வர வேண்டும் என்றால் நீவாடு, அதுதான் கடல் நீரோட்டம், எப்படி இழுக்கும் என்று யோசித்துப் பார். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிற மாதிரி நீவாடு எந்தப் பக்கம் என்றும் பார்த்த பிறகே பாயை ஏற்று. பெரிய கப்பல் வந்தால் அதன் முன்னால் 1000 மீட்டருக்குள் போகக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறதாம். நல்ல சட்டம். 150 மீட்டர் நீளக் கப்பல் உனக்காக நிற்காது.

அப்புறம் குளிர். இங்கே சித்திரை வெயிலில் தண்ணீர் சுடுகிறது, அங்கே 10 டிகிரியாம். விழுந்த உடனே மூச்சு திக்கென்று உள்ளே இழுக்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தீர்ந்தது. முதல் ஒரு நிமிடம் நீந்தவே முயலாதே, சும்மா மல்லாந்து மித. மூச்சு அடங்கிய பிறகு மற்றதைப் பார். கை விரல் உன் சொல் கேட்பது ஒரு பத்து நிமிடம்தான். இதற்கும் ஜாக்கெட் பூட்டியிருக்க வேண்டும்.

கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றை நம்பாதே. கரையோரம் குளம் மாதிரி இருக்கும், பாய் சொன்னபடி கேட்கும். வெளியே போனால்தான் அதன் குணம் தெரியும், அப்போது திரும்பி வருவது எதிர்க்காற்றில். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு, அந்தத் தாமானைக் கையில் வைத்திரு, எங்கேயும் கட்டி வைக்காதே. படகு சாய்ந்தால் தாமானை விட்டுவிடு. பாய் படபடவென்று அடிக்கும், அடித்துக்கொள்ளட்டும். படகு நிமிர்ந்துவிடும்.

நீ எட்டாவது படிக்கும்போது நம் வத்தைப் படகில் ஏற்றிக்கொள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். பொம்பளைப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டேன். இப்போது யாருக்கோ காசு கட்டிக் கற்கிறாய். என் வீம்புதான். ஆனால் நீயும் சேருகிறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

கவிழ்ந்தால் படகை விடாதே. படகைத்தான் சொல்கிறேன், இதை வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளாதே. தாமானை விடு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மேல் ஏறி நின்று சாய், நிமிரும். நிமிராவிட்டால் பிடித்துக்கொண்டு கிட. தேடி வருகிறவன் கண்ணுக்குப் படகு தெரியும், உன் தலை தெரியாது.

உன் மாமா விஷயம் உனக்குத் தெரியும். கரை தெரியுது என்று சொல்பேச்சு கேட்காமல் நீந்திப் போய்விட்டான் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். நீந்திரலாம் என்று சொன்னது அவன் இல்லை, நான். ஐப்பசி வாடை, இருட்டு. கோயில் விளக்கு கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. வத்தையின் அடியில் அந்த வாரம்தான் எண்ணெய் பூசியிருந்தோம், பிடித்த கை வழுக்கிக்கொண்டே இருந்தது. அவன் இருப்போம் மச்சான் என்றான். நான் கேட்கவில்லை. இரண்டு பேரும்தான் விட்டோம். கொஞ்ச தூரத்தில் எனக்குக் கால் இழுத்துக்கொண்டது, திரும்பி வந்து பிடித்துக்கொண்டேன். அவனைக் கூப்பிட்டேன். எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. விடிந்து வந்த வள்ளம் வத்தையைப் பார்த்துதான் என்னைத் தூக்கியது.

ஒவ்வொரு திவசத்துக்கும் உன் அம்மா, "மச்சான் பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பானே" என்று சொல்லி அழும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பீடி குடிக்கப் போவதாக நினைப்பாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

படத்தில் படகுத்துறைப் பலகை மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது, எடுத்த ஆளுடையது. மாப்பிள்ளை அவ்வளவு குட்டையான ஆள் இல்லையே. பொங்கலுக்குப் பிறகு அவர் குரலையே கேட்கவில்லை. கோபமாகக் கேட்கவில்லை அம்மாடி. அடுத்த படம் அனுப்பும்போது அதை யார் எடுத்தது என்று ஒரு வரி எழுது. பட்டையையும் பூட்டிக்கொள்.

அப்பா