நானூறு முடிச்சு

முனைக்காடு,
கார்த்திகை 12.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். இங்கே வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது. வடகடல் கலங்கிக் கிடக்கிறது, பாசி வளர்க்கிற மூங்கில் மிதவை எல்லாம் கரை ஏறியாயிற்று. உன் அப்பா மூங்கிலைத் தட்டித் தட்டிப் பார்த்து, எது அடுத்த வருஷம் தாங்கும், எது அடுப்புக்கு என்று பிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தை மாதம் வரைக்கும் நேரம் இருக்கிறது.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பார்க்கிற டெஸ்டிங் வேலையை இப்போது ஏஐயே பார்த்துவிடுகிறதாம். உன் டீமில் பன்னிரண்டு பேரில் ஐந்து பேரை அனுப்பிவிட்டார்களாம். "நாலு வருஷம் படிச்சது வீணாப் போச்சும்மா" என்றாய். அதே மூச்சில், ஆன்லைனில் எம்.பி.ஏ. சேரணும், ஆறு லட்சம், முன்பணத்துக்கு என் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டாய்.

சங்கிலிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 'வீணாப் போச்சு'.

படித்தது செல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்னப்பாலத்தில் பத்து வயதிலேயே உன் அம்மாச்சியோடு தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போனவள் நான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கினால், கல்லில் ஒட்டியிருப்பது மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா, கஞ்சிப்பாசியா, பக்கோடாப் பாசியா என்று முதலில் கைதான் சொல்லும். கண் அப்புறம்தான். மரிக்கொழுந்து, ஜெல்லி மாதிரி உறைகிற அகர் செய்யப் போகும், விலை கூட. கட்டக்கோரையை மூட்டை மூட்டையாக அள்ளினால்தான் காசு. வேரோடு பிய்த்தால் அம்மாச்சி புறங்கையில் ஒன்று வைப்பாள். "அடுத்த மாசம் உனக்கு யாருடி வச்சிருப்பா?"

ஒருநாள் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம். நாங்கள் எடுத்துக் காட்டிய ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயர் சொன்னார், நாங்கள் ஒரு பெயர் சொன்னோம். எங்கே வளரும், எந்த மாதத்தில் தடிக்கும், எது கல்லை விட்டுக் கழன்று வரும் என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் இல்லை. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு டாக்டர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். நல்ல மனிதர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அனுப்பினார். ஆனால் அவர் செய்தது படிப்பு, நாங்கள் செய்தது கூலி வேலை. அந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். காகிதத்தில் ஆனது அப்போது. கெடுபிடி வந்தது பல வருஷம் கழித்து. ஒருநாள் காலையில் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் திருட்டுத் தொழில் ஆகியிருந்தது. (தீவைக் காப்பாற்றாமல் விடு என்று நான் சொல்லவில்லை. சின்னப்பாலத்துப் பெண்களே உட்கார்ந்து பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் போவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்களே, நீ அப்போது காலேஜில் சேர்ந்த வருஷம்.)

அதற்கு முன்பே இங்கே பெப்சி பாசி வந்துவிட்டது. அந்தக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வாங்கியதால் ஊரில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. சொந்தப் பெயர் கப்பாபைகஸ். முங்கி எடுக்கிற பாசி இல்லை, கட்டி வளர்க்கிற பாசி. நான் பிறந்ததிலிருந்து கற்றது அதற்கு உதவவில்லை. மறுபடி முதலிலிருந்து. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு ஒரு கை விதைப்பாசி. அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். 45 நாளில் இழுத்தால், நல்ல வருஷத்தில் 200 கிலோவுக்கு மேல் வரும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைக் காயப்போடணும்.

2013, 14 வாக்கில் தண்ணீர் சூடேறியது. நுனி வெளுத்தது, அப்புறம் கயிற்றிலேயே உருகிச் சொட்டியது. ஒரு மிதவையை இழுத்தோம், நானூறு முடிச்சும் வெறும் முடிச்சு. உன் அப்பா ஒன்றும் பேசாமல் மிதவையைக் கரையில் சாய்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நீ அப்போது பிளஸ் ஒன். உனக்கு நாங்கள் சொல்லவில்லை. விதையை மாற்றிப் பார்த்தோம், இடத்தை மாற்றிப் பார்த்தோம், வெயில் உச்சத்தில் போடாமல் பார்த்தோம். பழைய விளைச்சல் இன்றைக்கும் இல்லை. அந்தப் பாசியே வெளியூர்ப் பாசி, குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் படர்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு முன்பே எழுதிவிட்டார்கள். அதுவும் பொய் இல்லை. இப்போது நம் கரைப் பாசியையே கயிற்றில் வளர்க்க முடியுமா என்று நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐம்பத்தைந்து வயதில் திரும்பவும் ஒன்றாம் வகுப்பு.

இப்போது அந்த நானூறு முடிச்சுக்கு வருகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, 2010? நீ எட்டாவது, நான் பத்தாவது தனித்தேர்வர். கணக்கில் இரண்டு தடவை போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து நீ எனக்கு எக்ஸ் சொல்லிக்கொடுத்தாய்.

"எக்ஸுன்னா தெரியாத நம்பரும்மா."

"தெரியாததை எதுக்குடி எழுதணும்?"

நீ தலையில் அடித்துக்கொண்டாய். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாய். "சரி, ஒரு மிதவைக்கு அறுபது கிலோ விதை. ஒரு முடிச்சுக்கு எவ்வளவு வரும்?" நூற்றைம்பது கிராம் என்றேன், யோசிக்காமல். "எப்படித் தெரியும்?" என்றாய். நான் கையைக் குவித்துக் காட்டினேன், இவ்வளவு. நீ சிலேட்டில் எழுதினாய். இருபது பெருக்கல் இருபது பெருக்கல் எக்ஸ், சமம் அறுபதாயிரம். "இதாம்மா எக்ஸ். உன் கைக்குள்ளதான் இருக்கு."

41 மார்க் வாங்கிப் பாஸ் பண்ணினேன்.

பாப்பா, உன் காலேஜில் நாலு வருஷத்தில் ஒருத்தராவது உன்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டார்களா? உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்த்து அதிலிருந்து ஆரம்பித்தார்களா? நீ லீவுக்கு வரும்போதெல்லாம் சொன்னது இரண்டே வார்த்தை. இன்டர்னல், அரியர். போன ஐந்து வருஷத்துக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்தால் போதும் என்று சிரித்தாய். உனக்கு வீணாகப் போனது படிப்பு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிப்பு உனக்கு இன்னும் கிடைக்கவே இல்லை. திட்டிவிட்டேன் என்று நினைக்காதே, காசு கட்டி அனுப்பியது நாங்கள்தான். கடன் போன ஆடியில்தான் முடிந்தது.

நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தபோது ஒரு விஷயம் படித்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அங்கே பாடமே நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் மாதிரி, கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் வேலை. சொந்தமாகப் பாடத் துறைகள் வந்ததெல்லாம் ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிச் சிரித்தேன். தாய் தேர்வு, பிள்ளை பாடம்! நம் ஊரில் படிப்பு என்றாலே பரீட்சை என்று ஆனதற்கு வேறு காரணமும் இருக்கும். ஆனால் இதுவும் ஒன்று.

என் பி.ஏ.வைப் பற்றியும் பெருமை பேச மாட்டேன். ஒரு பருவத்தில் புத்தகம் பரீட்சைக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தது. ஆனாலும் பத்தும் பன்னிரண்டும் எழுதிவிட்டுப் போனதால் என் பட்டம் செல்லும். என்னோடு படித்த ஒருத்தி பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேராகத் திறந்தவெளிப் பட்டம் வாங்கினாள். அரசு வேலைக்கு அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அறிவு அவளுக்கும் எனக்கும் ஒன்றுதான்.

2020 கல்விக் கொள்கையில் ஒரு வருஷம் படித்து நின்றால் சான்றிதழ், இரண்டு வருஷத்துக்கு டிப்ளமோ, மூன்று வருஷத்துக்குப் பட்டம், திரும்பி வந்தால் விட்ட இடத்தில் தொடரலாம் என்று போட்டிருக்கிறார்களே, அதைக் கேட்டபோது எனக்கு முதலில் சந்தோஷம். வயது பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்குள் எல்லாவற்றையும் திணித்துவிட்டு, அப்புறம் நாற்பது வருஷம் அதையே தின்னு என்பது எனக்குப் பிடிக்காது. திரும்பி வர வாசல் வேண்டும். ஆனால் நம் மாநிலத்தில் இதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வருஷத்தில் நிற்பது யார்? காசு தீர்ந்த வீட்டுப் பெண். அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து 'வெளியேறினாள்' என்று எழுதிக்கொள்வார்கள். திரும்பி வருகிறவளுக்குக் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள், அன்றைய கூலியை யார் தருவார்கள் என்று எழுதாத வரைக்கும் அது வாசல் இல்லை, பாப்பா, ஜன்னல்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்பாய். ஐஐடிக்காரர்கள் பாடத்தை எல்லாம் என்பிடெல் என்ற இணையதளத்தில் போடுகிறார்கள், 2017லிருந்து அரசாங்கத்தின் ஸ்வயம் தளம் வேறு. நீயே ஒன்றில் சேர்ந்தாய், மூன்றாவது வாரத்தில் விட்டாய். நானும் ஒன்றில் சேர்ந்தேன், நான் இரண்டாவது வாரம். பாடம் நல்ல பாடம்தான். ராத்திரி பத்து மணிக்கு, தனியாக, போனைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கண் விழித்திருக்க முடியும்?

எனக்கு எழுத்து வந்தது 22 வயதில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில். பாடம் 'பட்டா', 'படி' என்று ஆரம்பிக்கும். கடற்கரையில் எவளுக்கடி பட்டா என்று எல்லோரும் சிரித்தோம். ஓர் அரிக்கேன் விளக்கு, எட்டுப் பொம்பளைகள். உடம்பெல்லாம் உப்பு, கண் சொருகும். ஒருத்தி வராவிட்டால் மற்ற ஏழு பேரும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவோம், புருஷன்காரன் வெட்கப்பட்டு அனுப்பிவைப்பான். பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளிப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்களே, அதுவும் தனித்தனியாக என்றால் நடந்திருக்காது. அந்த எட்டுப் பேரில் ஆறு பேருக்கு இன்றும் வாசிக்கத் தெரியும். உன் ஆறு லட்சத்தில் அந்த ஏழு பேர் கிடைப்பார்களா என்று அந்த எம்.பி.ஏ. கம்பெனியில் கேட்டுப் பார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் கூடுகிறோம். வாத்தியார் யார் தெரியுமா, எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. க்யூஆர் கோடு, பேங்க் ஆப், காற்று பார்க்கிற விண்டி ஆப் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள். உன் அப்பா அந்த விண்டியை அப்பத்தாவிடம் காட்டி, நாளைக்குக் காற்று கூடும் என்றார். கிழவி போனைப் பார்க்கவே இல்லை. "நேத்தே கூரை சொல்லிருச்சே" என்றாள்.

சரி, சங்கிலி.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் இல்லாதபோது அவருடைய அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்பாய். இந்தக் கரையில் அந்தக் கதையைச் சொல்லாத பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்திருந்தது. விமானம். எம்.பி.ஏ.யில் என்ன படிக்க ஆசை என்று உன்னைக் கேட்டேன். "ரெஸ்யூமேல போடலாம்மா" என்றாய். அதற்குச் சங்கிலி கிடையாது.

உனக்கு எதைத் தெரிந்துகொள்ளணும் என்று இருக்கிறது என்பதை மட்டும் ஒரு பக்கம் எழுது. எதில் வேலை கிடைக்கும் என்று எழுதாதே. சின்னதில் நீ மணிக்கணக்காக மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்பாய், அதாக இருந்தாலும் சரி. வெளியே அனுப்பப்பட்ட அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பேசு. வாரத்தில் ஒருநாள் எங்கேயாவது நேரில் கூட முடியுமா என்று கேள். அதற்கு அறை வாடகை, கம்ப்யூட்டர், வாத்தியார் சம்பளம் என்று எது வேண்டுமானாலும் சொல். அதற்கு அடகு வைக்கத் தேவையில்லை, விற்றே தருகிறேன். அந்த ஒரு பக்கத்தில் எழுதியது எம்.பி.ஏ.யில்தான் இருக்கிறது என்றால் அப்போதும் பேசலாம்.

வேலை போனால் போகட்டும். வாடகைக்கு இரண்டு மாதப் பணம் குழுவில் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. ஆறு மிதவை கட்டணும், முடிச்சுப் போட ஆள் போதாது. வரும்போது பாரிமுனையில் மூன்று மில்லிமீட்டர் கயிறு கிலோ என்ன விலை என்று கேட்டு வா, இங்கே ஏமாற்றுகிறார்கள். அப்பத்தா உனக்கென்று கணவாய்க் கருவாடு தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். பூனைக்குத் தெரியாத இடமாம். எனக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
அம்மா