சேர்ந்தவர்களை எண்ணியது போதும், முடித்தவர்களை எண்ணுங்கள்

கல்லூரி நிர்வாகிகளுக்கும், துணைவேந்தர்களுக்கும், உயர்கல்வித் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

சேர்க்கைக் காலம் நெருங்கியதும் உங்கள் விளம்பரங்களில் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, இந்த ஆண்டு எத்தனை பேருக்கு இடம் கொடுத்தீர்கள் என்பது. மற்றொன்று, படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினால் குடும்பத்தின் நிலை எவ்வளவு உயரும் என்று கணக்குப் போடும் பெற்றோருக்கு இந்த இரண்டு எண்களாலும் பயன் இல்லை. பாதியில் நின்றவர்கள் முதல் எண்ணுக்குள் மறைந்துபோகிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் இரண்டாவது எண்ணுக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். இப்படிக் காணாமல் போகிறவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம் என்பதால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறோம்.

படித்தால் வருமானம் கூடும் என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி சாகரோபுலோஸ், பட்ரினோஸ் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக 9 விழுக்காடு அளவுக்கு உயர்கிறது என்கிறது. ஆனால் அந்த உயர்வு ஆண்டுதோறும் சம அளவில் வந்து சேர்வதில்லை. பட்டம் கையில் கிடைக்கும் ஆண்டில் ஒரே தாவலாக ஏறுகிறது. ஹங்கர்ஃபோர்ட், சோலன் என்ற பொருளியலாளர்கள் 1987இலேயே அமெரிக்கத் தரவுகளில் இதைக் காட்டினார்கள். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாண்டு படித்துவிட்டு நின்றவருக்கு மூன்றில் இரண்டு பங்குப் பலன் கிடைப்பதில்லை. வேலை விண்ணப்பத்தில் பட்டம் என்ற கட்டம் காலியாக இருந்தால், அவர் என்ன படித்தார், எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதே இல்லை.

இதற்கான விளக்கத்தைப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் கொடுத்தார். படிப்பு ஒருவரின் திறனை வளர்க்கிறது, திறனுக்கு ஏற்ற கூலி கிடைக்கிறது என்பது 1964இல் கேரி பெக்கர் விரித்துரைத்த கருத்து. ஸ்பென்ஸ் வேறொரு கோணத்தில் பார்த்தார். முன்பின் தெரியாத ஆளை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு அவர் திறமைசாலியா என்று கண்டறிய வழி இல்லை. அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு கருத்துகளிலும் உண்மை உண்டு. கல்லூரி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவதை. அடையாளத்தில் முக்கால் அடையாளம், அரை அடையாளம் என்று எதுவும் கிடையாது. அதனால்தான் படிப்பை முடிக்காதவரின் இழப்பு அவ்வளவு பெரிதாகிறது.

சேர்க்கைப் பட்டியலில் ஏழை மாணவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று மகிழ்கிறீர்கள். அது நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் எந்தப் பருவத்தில், எந்தக் காரணத்தால் நிற்கிறார்கள் என்ற பதிவு உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான கல்லூரிகளின் பதிவேட்டில் "சொந்தக் காரணம்" என்ற ஒரே சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அலுவலக நடைமுறைகள் வெளியே வரும். கல்விக் கட்டணம் கட்டக் கடைசி நாள் பருவத்தின் தொடக்கத்தில் வருகிறது, உதவித்தொகை அதற்குச் சில வாரம் கழித்துத்தான் கணக்கில் ஏறுகிறது. இடைப்பட்ட நாட்களில் தாமதக் கட்டணம் விழுகிறது. நிலுவை இருப்பதால் ஹால்டிக்கெட் நிறுத்தப்படுகிறது. தேர்வு எழுதாத தாள்கள் அரியர் ஆகின்றன. அரியர் இருந்தால் உதவித்தொகையைப் புதுப்பிக்க முடியாது. வசதியுள்ள வீட்டில் அந்தச் சில வார இடைவெளியைப் பெற்றோர் கைப்பணம் நிரப்பிவிடும். மற்றவர் அந்தப் பருவத்தை இழக்கிறார், பிறகு படிப்பையே இழக்கிறார். இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க ஒரு பைசா செலவில்லை. உதவித்தொகை உறுதியான மாணவருக்குக் கட்டணத் தேதியைத் தொகை வரும் நாளுக்குத் தள்ளிவைத்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

அதன் பிறகும் பணம் செலவிட வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் ஈராண்டுக் கல்லூரிகளில், படிப்பை விரைவாக முடிக்க உதவும் ஏ.எஸ்.ஏ.பி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த, அடிப்படைப் பயிற்சி வகுப்புகள் தேவைப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் திட்டத்தில் சேர்த்து மதிப்பிட்டார்கள். அவர்கள் முழுநேரமாகப் படிக்க வேண்டும், அடிப்படைப் பயிற்சித் தாள்களைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடிக்க வேண்டும். பதிலுக்குக் கல்லூரி செய்தவை: உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் இடையே விழும் பற்றாக்குறையைத் தள்ளுபடி செய்தது, பாடநூல் இலவசம், மாதப் போக்குவரத்து அட்டை இலவசம், அடுத்தடுத்து அமையும் வகுப்பு நேரங்கள், அடிக்கடி நேரில் சந்திக்கும் ஆலோசகர். அந்த ஆலோசகர் ஒருவரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர்கள்தான். அதே கல்லூரிகளில் மற்ற ஆலோசகர்களிடம் 600க்கும் மேல். மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றார்கள், இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினர்.

நிதி அலுவலர்கள் உடனே செலவைக் கேட்பார்கள். ஒரு மாணவருக்கு ஆன செலவு வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். ஆனால் பட்டம் பெற்ற ஒருவருக்கு ஆன செலவு என்று வகுத்துப் பார்த்தால் வழக்கமான முறையைவிடக் குறைவு. பாதியில் நிற்பவருக்காகச் செலவிட்ட பணம் எந்தக் கணக்கிலும் திரும்பி வருவதில்லை என்பதே காரணம். பிறகு ஓஹியோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றியபோதும் பட்டம் முடித்தோர் விகிதம் 19இலிருந்து 35 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இந்தத் திட்டத்தை எடுத்துச் செய்கிறவர்கள் வழக்கமாகத் தவறுவது ஓர் இடத்தில்தான். பயண அட்டையையும் நூல்களையும் கொடுத்துவிட்டு, ஆலோசகர் நியமனத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தின் கூறுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. மாதாமாதம் பயண அட்டையை வாங்க வரும் மாணவர், அந்த நாளில்தான் ஆலோசகரைப் பார்க்கிறார். ஆலோசகர் இல்லாவிட்டால் அட்டை வெறும் அட்டைதான்.

படிப்பை முடிக்காதவரின் கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவிப்பவர் மிகப் பெரிய தொகை வாங்கியவராக இருப்பார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அமெரிக்கத் தரவுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. சிறிய தொகை வாங்கியவர்களிடம்தான் கடன் தவறும் விகிதம் அதிகம், ஏனென்றால் அவர்களில் பலர் ஓரிரு பருவம் மட்டும் படித்து நின்றவர்கள். கடன் இருக்கிறது, அதை அடைக்கும் சம்பளத்தைத் தரவேண்டிய பட்டம் இல்லை. மாதத் தவணை என்ற நிலையான தொகை இவர்களைத்தான் முதலில் முறிக்கும். ஆஸ்திரேலியா 1989இல் வேறு வழியில் போனது. அங்கே மாணவர் படிக்கும்போது கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். வரம்புக்குக் கீழே இருக்கும் ஆண்டுகளில் ஒன்றும் கட்ட வேண்டாம். வரி வசூலிக்கும் அமைப்பு எல்லாத் தொழிலாளர்களையும் சென்றடையாத நாட்டில் இது அப்படியே நடக்காது, ஏமாந்துவிடக் கூடாது. ஆனால் வேலையில்லாத மாதங்களில் தவணையைத் தானாகவே நிறுத்திவைக்கும் விதியை எந்த வங்கியும் எழுதிக்கொள்ளலாம்.

யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பெயர்பெற்ற கல்லூரியில் படித்தால் சம்பளம் கூடுமா என்பதை ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெயர்பெற்ற கல்லூரியில் சேர்ந்தவரும் அதை விட்டு வேறிடம் சேர்ந்தவரும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்தார்கள். திறமையுள்ளவர் எங்கே படித்தாலும் முன்னுக்கு வருகிறார் என்று இதைப் படித்துவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். முக்கியமான விதிவிலக்கு அடுத்து வருகிறது: ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் அந்தக் கல்லூரிகள் உண்மையிலேயே சம்பளத்தை உயர்த்தின. அறிமுகங்களும் பரிந்துரைகளும் வீட்டிலேயே இருப்பவருக்குக் கல்லூரி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இல்லாதவருக்கு அது எல்லாவற்றையும் சேர்க்கிறது.

அப்படியானால் அந்த இடங்கள் யாருக்குப் போகின்றன? பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2017இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தரவுகளை வரிக் கணக்குகளோடு இணைத்துப் பார்த்தது. யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 38 கல்லூரிகளில், வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழே இருக்கும் 60 விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தனை பேரையும்விட அதிகம். அதே ஆய்வின் இன்னொரு முடிவைத்தான் ஒவ்வொரு சேர்க்கைக் குழுவும் படிக்க வேண்டும். ஒரே கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட பிறகு, ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே நிலையை அடைகிறார்கள். ஏழை மாணவரை எடுத்தால் தரம் குறைந்துவிடும் என்ற பேச்சுக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

திறமையுள்ள ஏழை மாணவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்று சேர்க்கைக் குழுக்கள் சொல்வது உண்மைதான். ஏன் விண்ணப்பிப்பதில்லை என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் டைனார்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடிதம் அனுப்பினார்கள். நீங்கள் விண்ணப்பித்து இடம் கிடைத்தால் நான்காண்டுக்கும் கல்விக் கட்டணம் இல்லை, வருமானச் சான்று எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதே செய்தி. அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கடிதம் வராவிட்டாலும் ஏறத்தாழ அதே உதவி கிடைத்திருக்கும். ஆனாலும் கடிதம் பெற்றவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26. சேர்ந்தவர்கள் 27 விழுக்காடு, மற்றப் பிரிவில் 12. தொகை மாறவில்லை, அது எப்போது சொல்லப்படுகிறது என்பது மாறியது. "தகுதியானவர்களுக்கு உதவித்தொகை பரிசீலிக்கப்படும்" என்று தகவல் கையேட்டின் மூலையில் எழுதும் வாசகம் ஏழைப் பெற்றோரின் காதில் "கிடைக்காது" என்றே விழும்.

இனி அந்தச் சராசரிச் சம்பளம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறோம். ஒரு படிப்பில் 120 பேர் சேர்கிறார்கள், 90 பேர் முடிக்கிறார்கள், வளாகத் தேர்வுக்கு 60 பேர் பதிவு செய்கிறார்கள், 54 பேருக்கு வேலை கிடைக்கிறது. விளம்பரத்தில் வருவது 90 விழுக்காடு வேலைவாய்ப்பு. சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 45 விழுக்காடு. பதிவு செய்யாத 30 பேர் எங்கே போனார்கள்? குறைந்த மதிப்பெண் என்று பதிவே மறுக்கப்பட்டவர்கள் சிலர். வீட்டுப் பொறுப்பைக் காட்டி "வேலை விரும்பாதவர்" என்று எழுதப்பட்ட பெண்கள் பலர். சம்பளத்துக்கும் இதே கதிதான். பத்து பேரில் எட்டுப் பேருக்கு மாதம் 20 ஆயிரம், ஒருவருக்கு 40 ஆயிரம், ஒருவருக்கு 2 லட்சம் என்றால் சராசரி 40 ஆயிரம் வருகிறது. பத்தில் எட்டுப் பேர் அதில் பாதிதான் வாங்குகிறார்கள். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் தொகையைச் சொன்னால் 20 ஆயிரம் என்ற உண்மை தெரிந்துவிடும்.

முதல் வேலையின் சம்பளத்தை மட்டும் சொல்வதும் தவறான படத்தைத் தரும். பொருளாதார மந்தத்தில் பட்டம் பெற்றவர்களின் வருமானத்தைக் கனடாவில் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் 9 விழுக்காடு அளவுக்கு இருந்த இழப்பு மறைய ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. மந்தம் வந்த ஆண்டின் எண் கல்லூரியின் குறையைக் காட்டாது, செழித்த ஆண்டின் எண் கல்லூரியின் திறமையையும் காட்டாது. ஆகவே மூன்று ஆண்டு மாணவர்களைச் சேர்த்து, பட்டம் பெற்று ஐந்தாண்டு கழித்து என்ன சம்பாதிக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னாள் மாணவர்களுக்குப் போன் போட்டுக் கேட்பது பயன்படாது, நல்ல வேலையில் இருப்பவர்தான் எடுத்துப் பேசுவார். அரசு மனம் வைத்தால் சேர்க்கைப் பதிவேட்டை வருமான வரி அல்லது சமூகக் காப்பீட்டுப் பதிவுகளோடு, பெயரை நீக்கிவிட்டு இணைக்கலாம். அமெரிக்கா 2015 முதல் இப்படித் திரட்டிய எண்களைக் கல்லூரி வாரியாகப் பொதுமக்களுக்குக் காட்டிவருகிறது. பத்துப் பேருக்கும் குறைவான பிரிவுகளைத் தனியே காட்டாதீர்கள், ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

உங்களில் அரசுப் பணிக்கு ஆள் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். முன்பு பள்ளிப் படிப்பு போதுமாக இருந்த எழுத்தர் வேலைக்கு இன்று பட்டம் கேட்கிறீர்கள். வேலை மாறவில்லை, விண்ணப்பங்கள் குவிவதால் வடிகட்ட ஒரு வழி தேவைப்பட்டது. கல்லூரிக்குப் போக முடியாதவருக்கு இருந்த கதவும் அதில் மூடிப்போகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில அரசு 2022இல் தன் பணியிடங்கள் ஆயிரக்கணக்கானவற்றில் இந்த நிபந்தனையை நீக்கியது. அறிவிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. தேர்வு செய்யும் அலுவலர் கையில் வேறு அளவுகோல் இல்லையென்றால் பழையபடி பட்டதாரியைத்தான் எடுப்பார். அந்த வேலையில் அன்றாடம் செய்யும் பணியையே, ஒரு கோப்பைப் படித்துக் குறிப்பு எழுதுவது, ஓர் அட்டவணையைச் சரிபார்ப்பது என்று, ஒரு மணி நேரச் சோதனையாக வைத்து அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

வரும் சேர்க்கைக்கு முன் உங்கள் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் இவற்றை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்: சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை விழுக்காடு, உதவித்தொகை பெறுவோரில் முடித்தவர்கள் எத்தனை விழுக்காடு, ஐந்தாண்டு கழித்து நடுவில் நிற்பவரின் சம்பளம், கடனோடு பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கை. இரண்டாவது எண் முதல் எண்ணைவிட எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அதைக் கல்விக் குழுவின் முதல் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உயர்கல்வியையும் வேலைவாய்ப்பையும் ஆய்ந்துவரும் ஆசிரியர்களும் தரவு ஆய்வாளர்களும்