மரத்தளத்தைப் பிடுங்கி எறியும் முன்: லண்டனில் பழைய வீடு வாங்கிய நம்மவர்க்கு ஒரு திறந்த மடல்

ஈஸ்ட்ஹாம், வால்தம்ஸ்ரோ, ரூற்றிங் பக்கங்களில் நூறு வருடம் தாண்டிய வரிசை வீடுகளில் குடியிருக்கும் உறவுகளுக்கும், அவற்றைத் திருத்திக் கொடுக்கும் நம்மவர் கட்டட வேலைக்காரருக்கும் வணக்கம்.

வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் கைவைப்பது நிலத்தில்தான். பழைய கார்ப்பெட்டைக் கிளப்பினால் கீழே பலகை. நடந்தால் கிறீச்சிடுகிறது, இடுக்குகளால் குளிர் ஏறுகிறது. “இது உக்கின மரம் அண்ணை, கழட்டி எறிஞ்சுபோட்டுக் கொங்கிறீற் போடுவம், மேல ரைல்ஸ் ஒட்டுவம்” என்கிறார் பில்டர். வீட்டுக்காரரும் சம்மதிக்கிறார். பழைய மரத்தளம் திருத்துவதே என் தொழில். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பலகைகளைப் பிடுங்க வேண்டியதே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விக்ரோறியா அரசியின் காலத்திலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் கட்டிய இந்த வீடுகளில் கீழ்த்தளம் மண்ணைத் தொடுவதில்லை. குட்டையான செங்கல் சுவர்கள், அவற்றின் மேல் ஜொயிஸ்ற் என்னும் சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை. அடியில் வெற்றிடம். முன்சுவரிலும் பின்சுவரிலும் எயர்பிரிக் என்ற ஓட்டைக் கற்கள் பதித்திருக்கும். ஒரு பக்கத்தால் நுழையும் காற்று மறுபக்கத்தால் வெளியேறும்போது மண்ணிலிருந்து எழும் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி அப்படியே நின்றால்தான் பூஞ்சணம் பிடித்து உக்கும். காற்று ஓடும் தளம் நூறு வருடம் கழித்தும் உறுதியாகவே இருக்கிறது.

அந்தக் காற்றை அடைப்பவர்கள் நாங்கள்தான். குளிர் வருகிறதென்று எயர்பிரிக்கைச் சீமெந்தால் பூசிவிடுகிறோம். கார் நிறுத்துவதற்காக முன்வளவை உயர்த்திக் கல் பதிக்கிறோம். வெளி நிலமட்டம், மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடிப்பகுதியில் வைத்த ஈரத்தடுப்புப் படைக்கு 150 மில்லிமீற்றராவது கீழே இருக்கவேண்டும் என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் அதிகமாக நான் காண்பது குசினி எக்ஸ்ரென்ஷன். பின்பக்கம் கொங்கிறீற் தளத்தோடு பெரிய குசினி எழும்பும்; பழைய பின்சுவரின் எயர்பிரிக்குகள் அதற்குள் புதைந்துபோகும். முன்னறையின் அடியில் காற்றுப் போக வழியில்லை. சில வருடத்தில் ஜொயிஸ்ற் முனைகள் சுவருக்குள் உக்கத் தொடங்கும். பிறகு “பழைய மரம், அப்படித்தான்” என்று மரத்தின் மேல் பழி. கொங்கிறீற் ஊற்றும் முன்பே அதன் அடியால் குழாய் வைத்து, பழைய வெற்றிடத்தை வெளிச்சுவரோடு இணைத்துவிட்டால் இந்தச் சேதம் வராது. வேலைக்காரத் தம்பிமாரே, வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் அந்தக் குழாயை வையுங்கள்.

பலகையையும் எடுத்துவிட்டு முழுவதும் கொங்கிறீற் நிரப்பினால் தீர்ந்துவிடாதா? மண்ணின் ஈரம் அதனால் இல்லாமல் போவதில்லை. மேலே வரமுடியாமல் பக்கத்துச் சுவர்களுக்குள் ஏறலாம். ஓர் அறையை மட்டும் நிரப்பினால் அடுத்த அறைக்குப் போகும் காற்றும் நின்றுவிடும்.

உள்ளதைத் திருத்துவது எப்படி என்றால், பார்த்துப் பார்த்துத்தான். ஜொயிஸ்றின் முனை உக்கியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி, பக்கத்தில் புதுச்சட்டம் சேர்த்துப் போல்ற் இறுக்கலாம். கெட்ட பலகைக்குப் பதில், பழைய கட்டடப் பொருட்கள் விற்கும் இடங்களில் அதே அகலமும் தடிப்பும் உள்ள பழைய பைன் பலகை கிடைக்கும். குளிர்நாட்டில் மெல்ல வளர்ந்த மரம் அது, வளையங்கள் நெருக்கமானவை. இன்று கடையில் விற்கும் வேகமாக வளர்ந்த மரம் அதற்கு ஈடாகாது. இடுக்குகளுக்கு மெல்லிய பைன் கீற்றுகளை ஒட்டுங்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால், குளிர்காலத்தில் ஹீற்றிங் போட்டுப் பலகை சுருங்கும்போது கழன்று விழும். சின்னச் சின்ன ஓட்டைகளைக் கண்டு பயப்படவேண்டாம். பூச்சி எப்போதோ போயிருக்கலாம். ஓட்டையைச் சுற்றிப் புதிய வெளிர்தூள் கொட்டினால்தான் கவனிக்கவேண்டும். ஆனால் காளான் மணமும் செம்பழுப்புத் தூளும் இருந்தால் தாமதிக்காதீர்கள். அது ட்றை றொற் என்ற மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணம், செங்கல் சுவரையும் ஊடுருவிப் பரவும்.

மெஷின் பிடித்துத் தேய்க்கும் முன் இரண்டு விஷயம், இரண்டும் உயிரோடு சம்பந்தப்பட்டவை. பழைய பெயின்ரில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நஞ்சு. பலகைமேல் ஒட்டிய பழைய வைனில் ரைல்ஸிலும் அதன் கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். இந்த நாட்டில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். மாதிரியைப் பரிசோதிக்கக் கொடுத்து, முடிவு வரும்வரை சுரண்டாதீர்கள்.

குளிருக்கும் வழி உண்டு. ஜொயிஸ்ற்களுக்கு இடையில் வலைகட்டி, ஈரம் வெளியேறவிடும் கம்பளி அல்லது மரநார்க் காப்பை நிரப்பலாம். எயர்பிரிக் திறந்தே இருக்கும். பாதிக்கு மேற்பட்ட தளத்தைப் புதுப்பிப்பதானால் கவுன்சிலின் கட்டட ஒழுங்குப் பிரிவிடம் முதலில் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீடென்றால், அனுமதியில்லாமல் பழைய பலகைகளை அகற்றுவது குற்றமாகலாம். மேல்மாடி ஃபிளாற் வைத்திருப்போர் லீஸ் பத்திரத்தை வாசியுங்கள். சத்தம் கீழே போகாமல் கார்ப்பெட் போடவேண்டும் என்று அதில் பெரும்பாலும் இருக்கும்.

ஊரில் வெள்ளிக்கிழமை சீமெந்து நிலத்தை வாளி வாளியாய் ஊற்றிக் கழுவிய பழக்கத்தை மட்டும் இங்கே விடவேண்டும்; பிழிந்த துணி போதும். செருப்பை வாசலில் கழற்றும் பழக்கமோ இந்த மென்மையான பைனுக்குப் பெரிய பாதுகாப்பு.

விலை சொல்ல வருபவரிடம், நாலு பலகையைக் கிளப்பி அடியில் ரோர்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரமானியை ஜொயிஸ்றில் குத்தி அளவையும் காட்டச் சொல்லுங்கள். எயர்பிரிக் எத்தனை, எவை அடைபட்டிருக்கின்றன என்று அவரோடு சேர்ந்து வெளியே சுற்றிப் பாருங்கள். இதொன்றும் பார்க்காமல் “எல்லாம் கழட்டவேணும்” என்பவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு தச்சன்